கூறியது கூறலும் தேங்காய்ச் சட்னியும்

தமிழாசிரியர்களுக்கென்று ஒரு நோய் உண்டு. எந்தப் பொருளைக் கண்டாலும் அது வேலை செய்கிறதா என்று பார்க்கமாட்டோம். அதற்கு நல்ல பெயர் இருக்கிறதா என்று பார்ப்போம். இருபத்தெட்டு வயதில் அந்த நோய் எனக்கு நன்றாக முற்றியிருந்தது. இராசபாளையம் பேருந்து நிலையத்துக் கடையில் ஒருமுறை, "தேநீர் ஒன்று, சர்க்கரை குறைவாக" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்று கருதி, குற்றாலத்துக்கு எந்தப் பேருந்தில் ஏறவேண்டும் என்று மிகுந்த பரிவோடு வழி சொன்னார். (நான் பிறந்து வளர்ந்த வீடு அக்கடைக்குப் பின்தெருவில் இருந்தது.)

இக்கட்டுரையில் இன்வெர்ட்டர் என்னும் சொல் பல இடங்களில் வரும். என் பழைய மாணவர்கள் இதைப் படித்தால் திகைப்பார்கள். அச்சொல்லை அப்படியே எழுத நான் கற்றுக்கொண்ட கதைதான் இது. எனக்குக் கற்பித்தவர்கள் ஒரு பேட்டரிக் கடைக்காரர், ஒரு மிக்சி, பிறகு என் மனைவி. சத்தம் மூவருக்கும் ஏறத்தாழ ஒன்றே.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எனக்குப் பெண் பார்த்தது திருவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில். பெண்ணின் பெயர் வனஜா. இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு, அவ்வூரிலேயே ஒரு பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய தந்தை படையில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நேர்கோட்டில் நடப்பவர். தாயில்லாத அந்த வீட்டில் சமையலறை முழுவதும் சுபேதாரின் அக்காளாகிய பெரிய அத்தையின் ஆட்சியில் இருந்தது. அவ்வெல்லைக்குள் சுபேதாரே அனுமதி பெற்றுத்தான் நுழைவார்.

நிச்சயதார்த்தத்துக்கு நான்கு நாள்களுக்கு முன், புடவையைக் கொடுப்பதற்காக அம்மாவும் நானும் அங்கே போயிருந்தோம். சுபேதார் முகம் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தார். கையில் நாளிதழ்.

"புதங்கிழமை காலையில ஒம்பது மணியிலருந்து சாயங்காலம் வரைக்கும் கரெண்டு கெடையாதாம். மாசாந்திர பராமரிப்பு. எம்மவ நிச்சயத்தன்னைக்குத்தான் அவனுகளுக்குக் கம்பி தொடைக்கணுமாக்கும்?"

"ஜெனரேட்டர் வச்சிக்கிடுங்களேன்," என்றாள் அம்மா.

"எதுத்த வீட்டு விசேசத்துல வச்சாக, மதினி. அது போட்ட சத்தத்துல பொண்ணு பேரு என்னன்னு இன்னைக்கு வரைக்கும் தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது."

அப்போதுதான் உள்ளறைக் கதவோரம் ஒரு வளையல் ஒலி கேட்டது. வனஜா நின்றுகொண்டிருந்தாள். அவ்வொலி என் அறிவைக் கடந்து நேரே நாக்கைச் சென்றடைந்தது.

"கவலை வேண்டா. மின்சாரப் பொறுப்பு என்னுடையது," என்றேன்.

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். எங்கள் வீட்டில் பல்பு மாற்றும்போது ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளும் பணியைக்கூட அவள் என்னை நம்பி ஒப்படைத்ததில்லை.

சுபேதார் என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். "தம்பி, நான் மாப்பிள்ளைகிட்ட வேற ஒண்ணும் எதிர்பாக்கல. படிப்பு, வேலை, அதெல்லாம் ஊர்ல எல்லாருக்கும் இருக்கு. சொன்ன வேலைய ஒருத்தன் முடிக்கானா, அத மட்டுந்தான் பாப்பேன். முடிச்சா எம்மவ உங்க வீட்டுக்கு. முடிக்கலைன்னா…" என்று சொல்லிவிட்டு நாளிதழை நான்காக மடித்தார். மடித்த விதத்தில் எனக்குப் பொருள் விளங்கிற்று.

சமையலறையிலிருந்து பெரிய அத்தையின் குரல் வந்தது. "மிக்சி ஓடுமா தம்பி? அம்பது பேருக்குச் சட்னி அரைக்கணும்."

"ஓடும், அத்தை!"

மறுநாள் மாலை வனஜாவே தொலைபேசியில் அழைத்தாள். நாங்கள் இருவரும் தனியாகப் பேசிய முதற்பேச்சு அது. காதல் மொழிகளுக்கு ஆயத்தமாக நானும் ஒரு குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

"எழுதிக்கிடுங்க," என்றாள். "பேன் நாலு, லைட்டு அஞ்சு. சேத்து முந்நூத்தம்பது வாட். மிக்சி எழுநூத்தம்பது. எல்லாம் ஒண்ணா ஓடுனா ஆயிரத்து நூறு. மிக்சி கெளம்புதப்ப இன்னும் ஜாஸ்தியா இழுக்கும். அதனால இன்வெர்ட்டர் ரெண்டாயிரம் விஏ-க்குக் கொறையக் கூடாது. ஒரே நேரத்துல எம்புட்டுக் குடுக்க முடியும்கிறது இது. இது திறன்."

"திறன்," என்று எழுதினேன்.

"பொறவு, மொத்தமா எம்புட்டு நேரம் தாக்குப்பிடிக்கணும்? பேனும் லைட்டும் மூணு மணி நேரம். மிக்சி பத்து நிமிசம். அதுக்குத் தக்கன பேட்டரி. இது ஆற்றல். ரெண்டையும் தனித்தனியாப் பாக்கணும், என்ன? புரியுதா?"

"நன்கு புரிகிறது," என்றேன். (புரிந்தது, அவளுடைய குரல் இனியது என்பது மட்டுந்தான்.)

அழைப்பு முடிந்ததும் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். படிக்கப் படிக்க என் உள்ளத்தில் ஓர் உறுத்தல். இன்வெர்ட்டர் பெரிதாக இருக்கவேண்டும். ஏனெனில் திறன் வேண்டும். பேட்டரி பெரிதாக இருக்கவேண்டும். ஏனெனில் ஆற்றல் வேண்டும். அன்புள்ள வாசகரே, ஆற்றல் என்பதும் திறன் என்பதும் ஒரு பொருள் குறித்த பல சொற்கள் அல்லவா? அதை வகுப்பறையில் ஆண்டுதோறும் கற்பித்து வயிறு வளர்ப்பவன் நான் அல்லவா? சொன்னதையே வேறு சொல்லால் மறுபடியும் சொல்வதற்கு இலக்கணத்தில் 'கூறியது கூறல்' என்று பெயர். அது நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ஒன்று. என் வருங்கால மனைவியின் முதல் உரையிலேயே அப்படியொரு குற்றமா என்று சற்று வருந்தினேன். அறிவியல் படித்தவள்தானே, போகப்போகத் திருத்திக்கொள்ளலாம் என்று அவளை மன்னிக்கவும் செய்தேன். பிறகு சிவப்பு மையை எடுத்தேன். 'திறன்: இரண்டாயிரம்' என்னும் வரியை ஒரே கோட்டில் அடித்தேன். 'ஆற்றல்' என்பதன்கீழ் இரு கோடுகள் இட்டு, 'இருப்பதிலேயே பெரியது' என்று எழுதினேன்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய நாள் பகலில் இராசபாளையத்துப் பேட்டரிக் கடைக்குப் போனேன். இன்வெர்ட்டர் என்னும் சொல் என் வாயில் நுழையாது என்பதால் வழியிலேயே ஒரு தமிழ்ச்சொல்லை ஆக்கி வைத்திருந்தேன். ஒருவகை மின்னோட்டத்தை இன்னொரு வகையாகப் புரட்டித் தருவதால் அது மின்புரட்டி. சொல் அழகாக அமைந்துவிட்ட செருக்கில் படியேறினேன்.

"ஐயா, ஒரு மின்புரட்டி வேண்டும்."

"என்னது?"

"புரட்டி. வீட்டுக்கு. நல்ல தரமானதாக."

கடை முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சார், நம்ம கடையில புரட்டு வேலையே கெடையாது. இருவது வருசமா நேர்மையா யாவாரம் பண்ணுதேன். யார்கிட்டயும் கேட்டுப் பாருங்க."

"நான் கேட்பது அதுவன்று…"

அவர் உள்ளே திரும்பி மனைவியிடம் தெலுங்கில், "ஏமி காவாலோ தெலீது," என்றார். என்ன வேண்டுமோ தெரியவில்லை என்பது அதன் பொருள். இறுதியில் நான் ஓர் இன்வெர்ட்டரின்மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

"இன்வெர்ட்டரா? அத வாயத் தொறந்து சொன்னா பல்லு கொட்டியா போயிரும்? சரி, எம்புட்டு லோடு?"

குறிப்பேட்டை நீட்டினேன். அவர் படித்துவிட்டு, "பேட்டரி எரநூறு ஏ.எச். எடுத்துக்கிடுங்க. யானை மாதிரி நிக்கும். இன்வெர்ட்டர் எம்புட்டுல வேணும்? இங்க என்னமோ அடிச்சிருக்கே?" என்றார்.

"அது மிகை. இருப்பதிலேயே சிறியது போதும்."

"சார், வெறும் அறுநூறு விஏ-தான் சார் அது. மிக்சி ஓட்டணும்னு எழுதியிருக்கு. லாரி டேங்க்கு மேல மொபெட் இஞ்சின மாட்டச் சொல்லுதீக."

"அண்ணாச்சி, பொருள் ஒன்றாயிருக்கச் சொல் இரண்டு எதற்கு?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒருவேளை பெரிய மேதையாக இருக்கலாம் என்னும் ஐயம் அவருக்கு வந்திருக்கவேண்டும். அல்லது மதிய உணவுக்கு நேரமாகியிருக்கவேண்டும். "உங்க இஷ்டம் சார்," என்று கட்டிக் கொடுத்துவிட்டார்.

லோடு ஆட்டோவில் பேட்டரியை அணைத்தபடியே திருவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தேன். (அமிலம் தெறித்த அந்த வேட்டி, அடுத்த வாரச் சலவைக்குப் பின் சல்லடையாகிவிட்டது. அம்மா அதில் மாவு சலிக்கலாம் என்றாள்.) எலக்ட்ரீசியன் ஒருவர் வந்து இணைப்புக் கொடுத்தார். கூடத்துக்கு மட்டும் போதுமா என்று கேட்டார். "சமையலறை விளக்குக்கும் பிளக்குக்கும் கொடுங்கள்," என்று பெருந்தன்மையோடு ஆணையிட்டேன். மெயினை அணைத்துச் சோதித்துப் பார்த்தோம். நான்கு மின்விசிறிகளும் ஐந்து விளக்குகளும் சிரித்துக்கொண்டு ஓடின. சுபேதார் அந்தப் பேட்டரியைச் சுற்றி ஒரு வலம் வந்தார். அதன் பருமன் அவருக்குப் பிடித்திருந்தது.

"ஆள் தேறிருவாரு போலருக்கே," என்று அவர் தம் அக்காளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மிக்சியை மட்டும் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. அதைச் சோதிப்பது என் சொல்லையே ஐயுறுவது போலாகும் என்று பெரியவர்கள் நாகரிகமாக விட்டுவிட்டார்கள்.

புதன்கிழமை. ஒன்பது மணிக்கு ஊரெங்கும் மின்சாரம் நின்றது. எங்கள் கூடத்தில் ஓர் இமைப்பொழுது நின்று, ஒரு 'டிக்' ஒலியோடு மின்விசிறிகள் மறுபடியும் சுழன்றன. ஐம்பது உறவினரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"மாப்பிள்ள ஏற்பாடு," என்றார் சுபேதார், கோட்டின் பொத்தான்களைப் பூட்டியபடி.

நான் தலையைச் சற்றே தாழ்த்திக்கொண்டேன். அடக்கத்துக்காக அன்று, பெருமை முகத்தில் வழிந்துவிடக்கூடாது என்பதற்காக.

பத்தரை மணிக்கு, சுந்தரபாண்டியத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் நிச்சயப் பத்திரிகையை வாசிக்க எழுந்தார். "நிகழும் மங்களகரமான…" என்று கணீரெனத் தொடங்கினார். ஊர், பெயர், குலம் எல்லாம் கடந்து, "மேற்படியார் குமாரன், தமிழாசிரியர்…" என்று என்னை நெருங்கிய நேரத்தில், சமையலறைப் பக்கத்திலிருந்து 'உர்' என்று ஓர் உறுமல் எழுந்து, பாதியில் செத்தது. விசிறிகள் நின்றன. விளக்குகள் அணைந்தன. மூலையில் இருந்த இன்வெர்ட்டர் 'கீ… கீ… கீ…' என்று அலறியது.

"இது இயல்பு," என்று கூட்டத்துக்கு அறிவித்துவிட்டு, நானே எழுந்துபோய்ப் பொத்தானை அழுத்தினேன். எல்லாம் ஓடத் தொடங்கின. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"மேற்படியார் குமாரன், தமிழாசிரியர்…"

'உர்'. இருள். 'கீ… கீ… கீ…'

மறுபடியும் எழுந்தேன். மறுபடியும் அழுத்தினேன். நடந்தது என்னவென்று இப்போது எனக்குத் தெரியும்; அன்று அங்கிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. நான் இங்கே பொத்தானை அழுத்தியவுடன் சமையலறை விளக்கு எரியும். அதைப் பார்த்ததும் பெரிய அத்தை, "ஏட்டி, கரெண்டு வந்துட்டு, போடு மிக்சிய!" என்பாள். மிக்சி உறுமும். இன்வெர்ட்டர் அலறிச் சாயும். நான் ஓடி வந்து பொத்தானை அழுத்துவேன். விளக்கு எரியும். "ஏட்டி, வந்துட்டு, போடு!" கூடத்தில் நானும் அடுக்களையில் அத்தையுமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அந்த வீட்டை ஆறு முறை இருட்டாக்கினோம்.

ஆறாம் முறையும் பெரியவர் "மேற்படியார் குமாரன்" வரையில் வந்து நின்றபோது, "அந்தக் குமாரன் யாருன்னு இன்னைக்குத் தெரிஞ்சிருமாப்பா?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. சிரிப்பு கூடத்தின் ஒரு மூலையில் தொடங்கி மறுமூலையை அடைந்தது. ஆள்களை உட்கார்த்தி வைப்பதற்காகப் பால்கோவாவை இரண்டாம் சுற்றும் பரிமாறிவிட்டார்கள். அம்மா தலை குனிந்து என் குறிப்பேட்டால் விசிறிக்கொண்டிருந்தாள். அதன்பின் பொத்தானை அழுத்தியபோது இன்வெர்ட்டர் ஒன்றும் செய்யவில்லை. சிவப்பு விளக்கை மட்டும் காட்டியது. இத்தகைய மனிதனோடு எனக்குப் பேச்சில்லை என்பதுபோல.

"வாத்தியாரே," என்றார் சுபேதார். நான்கு நாள் முன் 'தம்பி'யாகவும் இன்று காலையில் 'மாப்பிள்ள'யாகவும் இருந்தவன், பத்தே முக்காலுக்கு 'வாத்தியார்' ஆகியிருந்தேன். "செத்த உள்ள வாங்க."

இன்வெர்ட்டரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். கோட்டுக்குள் அவர் சட்டை நனைந்திருந்தது. கதவைச் சாத்தினார். மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு வனஜா வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, இடக்கையில் பாதி அரைபட்ட தேங்காயோடு மிக்சி ஜார்.

"எம்புட்டு விஏ வாங்கினீங்க?" என்றாள்.

"அறுநூறு."

"நான் எம்புட்டுச் சொன்னேன்?"

"இரண்டாயிரம். ஆனால்…"

"ஆனா?"

"ஆற்றலை மிகப் பெரிதாக வாங்கிவிட்டேன். திறனும் அதே பொருள்தானே? இரண்டையும் சொன்னால் கூறியது கூறலாகிவிடும் என்று ஒன்றை அடித்துவிட்டேன்."

சுபேதார் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். எல்லையில் எத்தனையோ விதமான ஆள்களைப் பார்த்திருக்கக்கூடிய மனிதர் அவர். இப்படியொருவனைப் பார்த்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"என்னட்டி சொல்லுதாரு இவரு?"

வனஜா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சினம் என்று நினைத்தேன். அது சிரிப்பு என்பது, ஜார் குலுங்கித் தேங்காய்த் துருவல் என் சட்டைமேல் விழுந்தபோதுதான் தெரிந்தது.

"ஒண்ணுமில்லப்பா. பந்திக்கு அண்டா நெறைய சாம்பார் வச்சிட்டு, ஊத்துததுக்கு டீஸ்பூன் வாங்கியாந்திருக்காக. சாம்பார் தீரவே தீராது. ஆனா ஒருத்தர் எலையிலயும் விழாது."

"சொன்ன வேலைய முடிக்கலல்ல?" சுபேதாரின் குரல் தாழ்ந்தது. அவர் குரல் உயரும்போதைவிடத் தாழும்போதுதான் அச்சமாக இருக்கும். "நான் அன்னைக்கே சொன்னேன். பத்திரிகை இன்னும் வாசிச்சு முடிக்கல. இவரு பேரு வாயிலருந்து வரவே இல்ல. வேண்டாம்னா இந்த நிமிசமே நிறுத்திக்கிடலாம். சொல்லு, இந்த ஆளு உனக்கு வேணுமா?"

பதில் வருவதற்கு எத்தனை நொடி ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அந்நேரத்தில் எனக்குத் தெரிந்த ஒருபொருட்பன்மொழிகள் அனைத்தும் நினைவிலிருந்து அகன்றன. 'வேண்டாம்' என்னும் ஒரு சொல் மட்டும் அவள் நினைவிலிருந்தும் அகன்றுவிடவேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

வனஜா அந்த யானைப் பேட்டரி இருந்த திசையைப் பார்த்தாள். பிறகு நான் மார்போடு அணைத்திருந்த குட்டி இன்வெர்ட்டரைப் பார்த்தாள்.

"வேணும்ப்பா," என்றாள். "பேட்டரி நல்ல பேட்டரிதான். இன்வெர்ட்டர மாத்திக்கிடலாம்."

சுபேதார் மீசையைத் தடவினார். அவர் சிரித்ததை நான் அன்று பார்க்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். தோள்கள் மட்டும் இரண்டு முறை குலுங்கின. திரும்பியபோது, "மொதல்ல அந்த மிக்சியப் பிடுங்கச் சொல்லு, உங்க அத்தைகிட்ட," என்றார்.

பிடுங்கினார்கள். இன்வெர்ட்டர் சற்று ஆறியதும், வனஜாவே மீண்டும் மாட்டி அதை ஓடவிட்டாள். விசிறிகள் ஓடின. பெரியவர் ஒருவழியாக என் பெயரை வாசித்தார். கூடம் முழுவதும் கைதட்டியது. நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை பெயருக்குக் கைதட்டல் கிடைத்தது, நானறிந்த அளவில் எனக்கு மட்டுந்தான். ஐம்பது பேரும் இட்லியைப் பொடியும் நல்லெண்ணெயும் தொட்டு உண்டார்கள். பொடி தீர்ந்தபின் சிலர் பால்கோவாவைத் தொட்டு உண்டார்கள். பெரிய அத்தை என்னோடு திருமணம் முடியும்வரை பேசவில்லை. எங்கள் உறவில் அதற்கு இன்றும் 'பொடி நிச்சயம்' என்றே பெயர். யாருக்காவது வயது கணக்கிடும்போது, "பொடி நிச்சயத்துக்கு முந்துன வருசம் பொறந்தவன்," என்கிறார்கள்.

அன்று மாலை வரை அந்தப் பேட்டரி சளைக்காமல் ஓடியது என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். (யாரும் பதிவு செய்யாததால்.)

இப்போது எங்கள் வீட்டில் இரண்டாயிரத்தைந்நூறு விஏ-யில் ஓர் இன்வெர்ட்டர் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தவர் யாரென்று சொல்லத் தேவையில்லை. அதன்மேல் அவள் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது: 'திறன் வேறு. ஆற்றல் வேறு.' இலக்கிய விழா ஒன்றில் ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு வீடு திரும்பி, பேச்சு எப்படி என்று கேட்டால், "சார்ஜ் அம்புட்டும் இருக்கு, அவுட்புட்தான் வரல," என்பாள். சுபேதார் மாமா என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால் "நம்ம அறுநூறு" என்கிறார். கடைக்கு அனுப்பினால் வனஜா எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்லி அனுப்புகிறாள். கூறியது கூறல் என்று நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

சென்ற மாதம் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் மகள் இப்போது என் வகுப்பில்தான் படிக்கிறாள். 'ஆற்றல் என்பதற்கு அதே பொருள் தரும் வேறு சொல் எழுதுக' என்பது, நானே அமைத்த வினா. எதிர்பார்த்த விடை, திறன். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் எழுதியிருந்தார்கள். என் மகள் மட்டும் அழகிய கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தாள்:

'வேறு சொல் கிடையாது. திறன் என்று எழுதினால் சட்னி அரைபடாது.'

சிவப்பு மை தொட்ட பேனாவோடு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். மொழியின் பக்கம் நிற்பதா, வீட்டின் பக்கம் நிற்பதா? உள்ளே மிக்சி உறுமும் ஒலி கேட்டது. தலைக்குமேல் மின்விசிறி நிற்காமல் சுழன்றுகொண்டிருந்தது.

முழு மதிப்பெண் போட்டேன்.